தோட்டத்து எல்லையும் நாட்டு எல்லையும்

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் ஒரு சொல்லை முதலில் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். லயத்திலிருந்து இறங்கி, தேயிலை மலையைக் கடந்து, வயலும் பலாமரமும் தெரியும் சிங்களக் கிராமத்துக்குச் செல்வதைத் தோட்டத்துப் பெரியவர்கள் ‘நாட்டுக்குப் போவது’ என்பார்கள். அக்கிராமத்தில் வாழ்வோர் அவர்களுக்கு ‘நாட்டார்’. நான்கு தலைமுறை, ஐந்து தலைமுறையாக இம்மலைகளிலே பிறந்து இம்மலைகளிலே புதைக்கப்பட்டு வந்த மக்களின் பேச்சில், நாடு என்பது தோட்டத்து எல்லைக்கு அப்பால்தான் தொடங்குகிறது. இச்சொல்லை எவரும் அவர்களுக்குக் கற்பித்ததில்லை. வாழ்க்கையே கற்பித்தது.

பசறைப் பகுதியில் ஆசிரியராகப் பணிபுரியும் நண்பர் ஒருவர் ஒருமுறை நம்மிடம் கேட்டார்: “தனிநாடு, சமஷ்டி, மாகாண சபை என்று இத்தனை காலமாகப் பேசுகிறீர்களே, இவற்றுள் எதிலே எங்கள் தோட்டம் வருகிறது?” கேள்வி எளிதானதுதான். ஆயினும் நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை அக்கேள்விக்குக் காலந்தாழ்த்திச் சொல்லும் பதில் என்றே கொள்ளலாம்.

1960 டிசம்பர் 15 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை நிறைவேற்றிய 1541 ஆம் இலக்கத் தீர்மானம், தன்னாட்சி பெறாத ஓர் ஆள்புலம் முழுத் தன்னாட்சியை எய்துவதற்கு மூன்று வழிகளை வகுத்தது. இறைமையுள்ள தனி அரசாகிவிடுவது ஒரு வழி. வேறொரு சுதந்திர அரசோடு தன் விருப்பின்படி இணைந்து நின்று, அந்நிலையை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் தன் கையில் வைத்துக்கொள்ளும் சுதந்திர இணைப்பு இன்னொரு வழி. 1965 இல் நியூசிலாந்தோடு குக் தீவுகள் ஏற்படுத்திக்கொண்ட உறவு இவ்வகையைச் சேர்ந்தது. சம உரிமையோடு ஓர் அரசுக்குள் ஒன்றிவிடுவது மூன்றாவது வழி. கடல் கடந்த குடியேற்ற நாடுகளை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட அத்தீர்மானம் ஊவாவுக்குச் சட்டப்படி பொருந்துவதன்று. எனினும் இலங்கையில் தேசிய இனப்பிரச்சினை பற்றி நடந்துள்ள வாதப் பிரதிவாதங்கள் யாவும் இம்மூன்று வழிகளைச் சுற்றியே நடந்திருக்கின்றன. மூன்றுக்கும் பொதுவான எடுகோள் ஒன்று உண்டு. உரிமை கேட்கும் மக்கள் தம் காலடி நிலத்தின்மீது நிற்கிறார்கள் என்பதே அது. ஊவாத் தோட்டங்களில் அந்த எடுகோளுக்கே இடமில்லை. இதை மறந்து நடத்தப்படும் எந்த விவாதமும் நம் ஆசிரிய நண்பரைத் தோட்டத்து வாயிலிலேயே விட்டுச் சென்றுவிடும்.

நிலத்தின் கதை 1815 இலிருந்து தொடங்குகிறது. அவ்வாண்டு கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இரண்டே ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லஸ்ஸையிலும் மக்கள் ஆயுதமேந்தி எழுந்தார்கள். 1818 இல் அக்கிளர்ச்சி அடக்கப்பட்ட விதம் கொடுமையானது. வீடுகள் கொளுத்தப்பட்டன. களஞ்சியங்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. தலைவர் கெப்பெட்டிபொலை சிரச்சேதம் செய்யப்பட்டார். பின்னர் வந்தது 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். உரிமைப்பத்திரம் காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று அச்சட்டம் அனுமானித்துக்கொண்டது. சேனைப் பயிருக்கும் மாடு மேய்க்கவும் கிராமத்தவர் காலங்காலமாகப் பயன்படுத்திய மேட்டு நிலத்துக்கு எந்தக் குடியானவனிடம் பத்திரம் இருந்தது? நிலம் ஏக்கர் கணக்கில் வெள்ளைத் துரைமாருக்கு விற்கப்பட்டது. முதலிற் கோப்பி வந்தது. 1869 இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைத் தின்று முடித்தபின் தேயிலை வந்தது.

உழைப்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து, பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் விரட்டப்பட்டவர்களைக் கங்காணிமார் திரட்டிக்கொண்டு வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறியவர்களில் வழியிலேயே மாண்டவர் தொகை பெரிது. ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது 1886 இல். இரயில் பாதை பதுளையை எட்டியது 1924 இல். சுற்றுலாப் பயணிகள் வியந்து படமெடுக்கும் தெமோதரை வளைவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் தேயிலைப் பெட்டிகளின் அவசரமே கட்டுவித்தது என்பதை இடையிலே சொல்லி வைக்கிறோம்.

இங்கே மனத்திற் கொள்ளவேண்டியது இது: மலையில் நிலத்தை இழந்தவன் கண்டிச் சிங்களக் குடியானவன். அந்நிலத்தில் உழைத்தும் அதை அடையாதவன் தமிழ்த் தொழிலாளி. இருவருக்கும் நடுவே, இருவரையும் ஒருவரையொருவர் காணவிடாமல் நின்றது தோட்டத்து எல்லை. அந்த எல்லைக்குள் நிலவியது ஓர் இராச்சியம் என்றால் மிகையாகாது. விடியுமுன் தப்பு அடித்துப் பிரட்டுக் களத்துக்கு அழைப்பதும், பேர் போடுவதும், அரைப் பேர் வெட்டுவதும், லயத்து அறையைக் கொடுப்பதும் பறிப்பதும் ஒரே அதிகாரத்தின் கையில் இருந்தன. துண்டு என்ற சீட்டில்லாத தொழிலாளி வேறு தோட்டத்தில் வேலை கேட்க முடியாது. 1921 இல் அம்முறை ஒழிக்கப்படும் வரை அவன் கடன் அத்துண்டில் எழுதப்பட்டு அவனோடு தோட்டம் தோட்டமாக நடந்தது. வெளியார் உள்ளே வந்தால் அத்துமீறற் குற்றம். பிள்ளையின் பிறப்பும், தந்தையின் இறப்பும், ஊரிலிருந்து வரும் கடிதமும் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே உலகத்தோடு தொடர்புகொண்டன. கடிதத்தின் நிலை பல தோட்டங்களில் அண்மைக்காலம் வரை மாறவேயில்லை.

மலைநாட்டுக்குத் தன்னாட்சி வேண்டும் என்ற முதற் குரலை எழுப்பியவர்கள் தமிழர் அல்லர் என்பது இன்றைய மாணவர் பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1927 இல் டொனமூர்க் கமிஷன் இலங்கைக்கு வந்தபோது, கண்டியர் தேசிய சபை மூன்று பிரிவுகள் கொண்ட ஒரு சமஷ்டியைக் கோரிற்று. வடக்கும் கிழக்கும் தமிழருக்கு, கரைநாடு அங்குள்ள சிங்களவருக்கு, மலைநாடு கண்டியருக்கு என்பது அதன் திட்டம். அதற்கு முந்திய ஆண்டிலேயே, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து திரும்பிய இளைஞர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சமஷ்டியே இலங்கைக்கு உகந்தது என்று எழுதிவந்தார். கண்டியரின் கோரிக்கையில் நியாயம் இருந்தது. நிலம் போனவன், கரைநாட்டுச் செல்வந்தனும் தன்னை விழுங்கிவிடுவான் என்று அஞ்சினான். ஆனால் அக்கோரிக்கைக்குள் தோட்டத் தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்ட இடம் என்ன? தன்னாட்சியிற் பங்காளி என்ற இடமன்று. எந்த ஆபத்திலிருந்து தப்புவதற்குத் தன்னாட்சி தேவைப்பட்டதோ, அந்த ஆபத்தின் பட்டியலில் அவன் சேர்க்கப்பட்டான். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது அவனுக்கு அது தடைகளோடுதான் கிடைத்தது. 1937 இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, கிராமத்தின் நடுவே கிடக்கும் தோட்டத்தில் வாழும் இந்தியத் தொழிலாளிக்குக் கிராமச் சபை வாக்கு மறுக்கப்பட்டது. அத்திருத்தத்தைக் கொண்டுவந்த அமைச்சர் வேறு யாருமல்லர், சமஷ்டி பேசிய அதே பண்டாரநாயக்கதான்.

இந்த இடத்தில் 1940 ஆம் ஆண்டை நாம் சற்று நிதானமாகவே பார்க்கவேண்டும். அவ்வாண்டு ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அங்கு மூண்ட வேலைநிறுத்த அலை மெல்ல மெல்லத் தெற்கு நோக்கி நகர்ந்து ஊவாவை அடைந்தது. சமசமாஜிகளின் தலைமையை நாடிச் சென்ற தொழிலாளரின் போராட்டம், பதுளைக்கு அருகேயுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் உச்சத்தை எட்டியது. அங்கே தொழிலாளர் தமக்குள் தேர்தல் நடத்தி ஒரு சபையை அமைத்தார்கள். தோட்டத்துரை அச்சபையைக் கலந்துகொண்டே காரியம் நடத்துவதென்று ஒப்புக்கொண்டார். சட்டத்தையும் ஒழுங்கையும் நிலைநாட்டப் போன ஆயுதப் பொலிஸாரின் கையிலிருந்த ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துக்கொண்டார்கள். பதுளையில் பொலிஸ் தடையை மீறி நடந்த கூட்டத்தில் என். எம். பெரேரா பேசினார். பின்னர் நிகழ்ந்ததை ஊகிக்கலாம். பெருவெள்ளம் ஊவாவைப் பிற பகுதிகளிலிருந்து ஒரு வாரத்துக்கும் மேலாகத் துண்டித்துவிட்ட நாட்களில் பொலிஸ் அடக்குமுறை கட்டவிழ்த்து விடப்பட்டது. வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்த்தன ஆகியோர் சிறை வைக்கப்பட்டனர்.

வேவெஸ்ஸவை ஒரு தொழிற்சங்க நிகழ்ச்சியாக மட்டுமே நம் சரித்திர நூல்கள் பதிந்திருக்கின்றன. அது போதாது என்பது நம் அபிப்பிராயம். ஊவாத் தோட்டத்து மக்கள் தம்மைத் தாமே ஆள முனைந்த முதல் நிகழ்ச்சி அது. கிராமச் சபையில் வாக்கில்லை என்று சட்டம் சொல்லி மூன்றே ஆண்டுகளில், தமக்கென ஒரு சபையை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அச்சபை மாகாணத்தைக் கேட்கவில்லை, மாநிலத்தைக் கேட்கவில்லை. தன் காலடியிலிருந்த தோட்டத்தின் நிருவாகத்திலே கைவைத்தது. அதனாற்றான் துரைமாரும் அரசாங்கமும் அவ்வளவு அச்சங்கொண்டார்கள்.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத் தொகுதிகள் பலவற்றில் வென்றது. பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். இந்திய வம்சாவளித் தொழிலாளரின் வாக்கு, அவர்கள் நேரடியாக வெல்லாத தொகுதிகளிலும் இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றது. இதுவே அவர்கள் செய்த குற்றம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கும்படி கேட்டது. லயத்தில் நிகழ்ந்த பிறப்புக்கு ஒழுங்கான பதிவு ஏது? 1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. அதே ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையைப் பிரசாவுரிமையோடு பிணைத்தது. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரேனும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை. அந்தச் சிறு கதவைத் தட்டி விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 8,25,000 பேர். உள்ளே அனுமதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

சட்டம் வந்தபோது இடதுசாரிக் கட்சிகள் பாராளுமன்றத்தில் அதனை எதிர்த்துப் பேசின, எதிர்த்து வாக்களித்தன. அப்பெருமையை நாம் எப்போதும் சொல்லிக்கொள்கிறோம். 1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, லங்கா சமசமாஜக் கட்சி அரசாங்கத்தில் அமர்ந்திருந்தது என்பதையும், என். எம். பெரேரா நிதியமைச்சராக இருந்தார் என்பதையும் அதே மூச்சிலே சொல்லவேண்டும். 9,75,000 மனிதர். அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 1974 இல் அந்த மீதியும் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டது. ஒரு மக்கட் கூட்டத்தின் எதிர்காலம் பற்றி இரண்டு அரசுகள் உடன்படிக்கை செய்தன. எந்த லயத்திலும் எந்தத் தோட்டத்திலும் ஒருவரிடமேனும் ‘உன் விருப்பம் என்ன?’ என்று வாக்குக் கேட்கப்படவில்லை. புதுச்சேரி இந்தியாவோடு சேர்வதா என்ற கேள்வி 1954 அக்டோபர் 18 இல் கீழூரில் வாக்குக்கு விடப்பட்டது. மக்கட் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் ஆமென்றார்கள். அங்கே கேள்வி நிலத்தைப் பற்றியது, ஆகவே மக்களைக் கேட்டார்கள். இங்கே மக்களையே இடம் மாற்றும் கேள்வி எழுந்தது, ஒருவரையும் கேட்கவில்லை.

பதுளையிலும் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் உறவினர் கதறியழ, தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட அந்த இரயிலுக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். அதிலே ஏறியவர்களில் பலர் நீலகிரியிலே கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலைச் செடியின் முன்னேதான் நிறுத்தப்பட்டார்கள். இங்கே இந்தியாக்காரர் என்று அழைக்கப்பட்டவர்கள் அங்கே சிலோன்காரர் ஆனார்கள்.

மலையக மக்களின் பிரசாவுரிமைப் பறிப்பை முன்னிட்டே எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்தார். 1949 டிசம்பரில் தோன்றிய தமிழரசுக் கட்சியின் பிறப்பிலே மலையகத்தின் துயரம் இருக்கிறது. அதை மறுப்பது நன்றியற்ற செயலாகும். ஆயினும் அக்கட்சி கேட்ட சமஷ்டிக்கு எல்லைக்கோடு வடக்கையும் கிழக்கையும் சுற்றியே வரையப்பட்டது. 1957 இன் பண்டா - செல்வா ஒப்பந்தத்தில் வடகிழக்குக்குப் பிரதேச சபைகள் இருந்தன. மலையகத்துக்கு இருந்தது, பிரசாவுரிமைச் சட்டத்தைத் திருத்துவது பற்றி விரைவிற் கவனிக்கப்படும் என்ற வாக்கு மட்டுமே. மறு ஆண்டு அவ்வொப்பந்தமும் கிழிக்கப்பட்டது.

1976 மே 14 ஆம் நாள் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாட்டைப் பிரகடனம் செய்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் எஸ். தொண்டமான் அன்று தமிழர் ஐக்கிய முன்னணியின் மூன்று தலைவர்களுள் ஒருவர். தனிநாட்டுக் கோரிக்கையோடு தம் ஸ்தாபனம் சேர இயலாது என்று அவர் கூறினார். அத்தீர்மானத்திலேயே அது குறிக்கப்பட்டிருக்கிறது. இதற்காக அவரைத் துரோகி என்றோரும் உண்டு, தீர்க்கதரிசி என்றோரும் உண்டு. இரண்டு பட்டங்களையும் ஒதுக்கிவிட்டுத் தீர்மானத்தையே படித்துப் பார்ப்போம். ஈழம் என்பது வடக்கு, கிழக்கு மாகாணங்கள். இலங்கையின் எப்பகுதியிலும் வாழும் தமிழ் பேசும் மக்கள் விரும்பினால் அதன் குடியுரிமையைப் பெறலாம். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட வாசகந்தான். ஆனால் லுணுகலையிலோ மடுல்சீமையிலோ கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணுக்கு இதன் பொருள் என்ன? நூற்றைம்பது ஆண்டுகள் உழைத்த மலையை விட்டு இறங்கி, இன்னொரு முறை மூட்டை கட்டு என்பதே பொருள். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவளைக் கடல் கடந்து போகச் சொன்னது, இத்தீர்மானம் கடல் கடவாமலே போகலாம் என்றது. தொண்டமான் ‘இயலாது’ என்றது சரியே.

அதன்பின் அவர் சென்ற பாதை வேறு விஷயம். 1978 இல் ஜயவர்த்தனாவின் அமைச்சரவையிற் சேர்ந்து, தொழிலாளியின் குறையை ஓர் அமைச்சரின் தயவாக மாற்றிய அரசியலுக்கு அவர் அடிகோலினார். தொழிற்சங்கச் சந்தாவே அரசியலின் முதலும் முடிவும் ஆயிற்று. இதைச் சொல்லும்போதே, 1986 ஜனவரியில் மலையகமெங்கும் நடந்த பிரார்த்தனைப் போராட்டத்தையும் சொல்லியாக வேண்டும். தொழிலாளர் வேலைக்குச் செல்லாமல் கோயில்களிற் கூடி நின்ற நாட்கள் அவை. 1986, 1988 ஆண்டுகளின் பிரசாவுரிமைச் சட்டங்கள் அப்பலத்தின் விளைவே. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நாடற்றவர் என்ற சொல் ஏட்டிலிருந்து நீங்கியது.

தனிநாட்டைக் கேளாதிருந்ததால் ஊவாவின் தமிழருக்கு அமைதி கிட்டியதா? 1983 ஜூலை 27 ஆம் நாள் பதுளை நகரின் கடைவீதி எரிந்தது. 1977 இலிருந்தே மலையகத்திலிருந்து ஓடிப்போய் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்கள், பின்னர் நடந்த போரின் கொடுமையை முன்வரிசையில் நின்று அனுபவித்தார்கள். மலையகத்தையும் ஈழ வரைபடத்துக்குள் அடக்கிக் காட்டிய ஈரோஸ் போன்ற இயக்கங்கள் இருந்தன. தொழிலாளி வர்க்கத்தின்மீது அவர்கள் வைத்த மதிப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் சிங்களக் கிராமங்களின் நடுவே தீவு தீவாகக் கிடக்கும் தோட்டங்களை ஒரு வரைபடத்துக்குள் அடக்குவது தாளிலே செய்யக்கூடிய காரியம். 2000 அக்டோபர் 25 ஆம் நாள் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர்கள், காவலுக்கு நின்ற பொலிஸாரின் கண்முன்னே சுற்றுவட்டாரத்தார் கையாற் கொல்லப்பட்டபோது, அந்த வரைபடத்தின் மறுபக்கத்தை ஊவா கண்டது.

இனிக் கோட்பாட்டுக்கு வருவோம். மாணவராயிருந்த காலத்தில் நம்மில் பலர், 1913 இல் ஸ்டாலின் எழுதிய கட்டுரையின் வழியே தேசிய இனத்தின் இலக்கணத்தை மனப்பாடம் செய்தோம். பொது மொழி, பொது நிலப்பரப்பு, பொதுப் பொருளாதார வாழ்வு, பொதுவான மனப்பாங்கு ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் தேசிய இனமில்லை என்று அக்கட்டுரை தீர்ப்புக் கூறிற்று. மலையகத் தமிழரிடம் மூன்று இருந்தன, தொடர்ச்சியான நிலப்பரப்பு மட்டும் இல்லை. ஆகவே அவர்கள் இலக்கணத்துக்குப் புறம்பானவர்கள் என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாக உறங்கினோம். அக்கட்டுரை யாரை மறுத்து எழுதப்பட்டதோ, அந்த ஆஸ்திரிய சோஷலிஸ்டுகளான ஒட்டோ பௌயரும் கார்ல் ரென்னரும், நிலத்தொடர்ச்சியற்ற மக்களுக்கும் கூட்டுரிமை உண்டு, அதனை ஆளோடு சேர்த்து வழங்கலாம் என்று வாதித்தார்கள். அவர்கள் கூற்றிலும் குறையுண்டு. பள்ளியையும் மொழியையும் மட்டும் கொடுத்துவிட்டு நிலத்தையும் கூலியையும் முதலாளியிடம் விட்டுவிடும் ஏற்பாடாக அது முடியக்கூடும். ஆயினும் அவர்கள் எழுப்பிய கேள்வி செத்துவிடவில்லை. ஊவாவில் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

1990களிலிருந்து மலையக அரசியலில் ஒரு யோசனை பேசப்பட்டு வருகிறது. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என ஒன்றையொன்று தொடாத நான்கு துண்டுகள் ஒரே ஆட்சிப் பகுதியாக இருக்க முடியுமானால், நுவரெலியாவை மையமாகக் கொண்டு, மலையகத் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளை ஒரே அதிகார அலகாக ஏன் இணைக்கக்கூடாது என்பதே அது. நல்ல யோசனைதான். ஆனால் பதுளையில் நின்று பார்க்கும்போது ஓர் ஐயம் எழுகிறது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நுவரெலியா மாவட்டத்தில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டவர்கள் பாதிக்கு மேல். பதுளை மாவட்டத்தில் அவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அளவே. மொனராகலையில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. வடகிழக்குக்குத் தேடிய தீர்வு மலையகத்தை வெளியே நிறுத்தியது போல, நுவரெலியாவுக்குத் தேடும் தீர்வு ஊவாவை வெளியே நிறுத்திவிடாதா? இது வெறும் அச்சமன்று. 2018 ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்பு நுவரெலியா, அம்பகமுவை என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. நெடுங்காலப் போராட்டத்தின் பலன் அது, வரவேற்கிறோம். பதுளை மாவட்டத்தில் அத்தகைய பிரிப்பு எதுவும் நடக்கவில்லை.

தேயிலை மலைக்கு எட்டிய தன்னாட்சி எப்படி நடக்கிறது என்று அறிய டார்ஜிலிங்கைப் பார்க்கலாம். கூர்க்கா மக்கள் தனி மாநிலம் கேட்டுப் போராடி, 1988 இல் ஒரு மலை மன்றத்தையும், 2012 இல் இன்னோர் ஆட்சி மன்றத்தையும் பெற்றார்கள். அவர்களுக்குத் தொடர்ச்சியான நிலப்பரப்பும் இருந்தது, பெரும்பான்மையும் இருந்தது. அப்படியிருந்தும், தோட்டத் தொழிலாளியின் வீடு நிற்கும் நிலத்துக்குப் பட்டா வேண்டும் என்ற கோரிக்கை, மன்றங்கள் இரண்டு வந்தபின்னும் கோரிக்கையாகவே நீடித்தது. மன்றத்தின் அதிகாரம் தோட்டத்து எல்லையில் வந்து நின்றுவிட்டது.

நம் ஊவாவிலும் அதே எல்லைதான். 13 ஆம் திருத்தத்தின் கீழ் 1988 இல் ஊவா மாகாண சபை தெரிவாயிற்று. தோட்டத்துத் தமிழர் சிலர் அதிலே உறுப்பினராயினர், அமைச்சருமாயினர். ஆனால் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபையின் பணம் தோட்டத்துக்குள் செலவாவதற்குக் குறுக்கே நின்றது. தோட்டத்து மனிதன் சபைக்கு வாக்களித்தான், சபைத் தலைவராகவும் வந்தான். தன் லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு வண்டி கல் கொட்டுவதற்கு மட்டும் அச்சபைக்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 1937 இல் போட்ட வேலி வேறு உருவில் 2018 வரை நின்றது. அவ்வாண்டுதான் அப்பிரிவு திருத்தப்பட்டது. மறு ஆண்டு மாகாண சபையின் காலம் முடிந்தது. 2014 செப்டம்பரில் வாக்களித்த ஊவா மக்களுக்கு, அதன்பின் பல ஆண்டுகள் மாகாணத் தேர்தலே இல்லாமற் போயிற்று.

அந்த 2014 ஆம் ஆண்டிலேயே, தேர்தல் முடிந்து ஆறு வாரம் ஆகுமுன், அக்டோபர் 29 ஆம் நாள் காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின்மீது மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கு ஆபத்துண்டு என்று அரசாங்கத்தின் நிபுணர்களே முன்னர் எச்சரித்திருந்தார்கள். போவதற்குத்தான் இடமில்லை. வீட்டடி நிலம் கம்பெனியின் குத்தகையில், குத்தகை நிலம் அரசாங்கத்தின் உடைமையில். 1970களில் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டபோதும், 1992 இல் அவை மீண்டும் கம்பெனிகளின் கைக்குப் போனபோதும், லயத்து அறை எவனுக்கு உரியது என்ற கேள்விக்கு இரண்டு முறையும் ஒரே விடைதான் எழுதப்பட்டது. தப்பிப் பிழைத்தவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் நெடுநாட்கள் கிடந்தார்கள்.

ஆகவே நம் ஆசிரிய நண்பருக்கு நாம் சொல்வது இது. ஊவாத் தோட்டத்து மக்கள் தனி அரசு கேட்க வேண்டியதில்லை. அது அவர்களை மலையை விட்டு இறக்கும். வடகிழக்கோடு ஓர் இணைப்பைக் கேட்டாலும் அதே கதிதான். நிலத்தொடர்ச்சியற்ற அதிகார அலகு ஒன்றை அவர்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அதை மாவட்டத்தின் தலைநகரிலிருந்து கீழ்நோக்கிக் கட்டக்கூடாது. வீட்டடி நிலத்தின் உறுதிப்பத்திரத்திலிருந்தும், தோட்டத்துக்கொரு தெரிவுசெய்த சபையிலிருந்தும் மேல்நோக்கிக் கட்டவேண்டும். அப்படிக் கட்டினால் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் என்ற கணக்கு அச்சுறுத்தாது. ஏனெனில் தோட்டத்துக்குள் அவர்கள் சிறுபான்மையினர் அல்லர்.

நாட்டாரின் நிலை என்ன என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1951 இல் வெளியான கண்டியக் குடியானவர் ஆணைக்குழுவின் அறிக்கையைப் படித்தவர்கள், ஊவாச் சிங்களக் கிராமத்தவனின் நிலப்பசி எத்தகையது என்று அறிவார்கள். தொழிலாளிக்குப் பத்திரம் கொடுத்தால் தனக்குரிய நிலத்தைக் கொடுத்ததாக அவன் நினைப்பான், நினைக்கவைக்கவும் ஆட்கள் இருப்பார்கள். 1970களின் தொடக்கத்தில், இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றிய வகுப்புகளில் தோட்டத் தொழிலாளியை ஐயத்தோடு பார்க்கும்படி இளைஞருக்குக் கற்பித்தது ஜே. வி. பி. அதே கட்சியின் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 2023 இல் ஹட்டனில் மலையக மக்களின் உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. 2024 நவம்பரில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல் என்ற மலையகத் தமிழ்ப் பெண் அதன் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். நாட்டாரின் வாக்கும் தோட்டத்தாரின் வாக்கும் ஒரே பட்டியலுக்கு விழுந்ததாலே இது நேர்ந்தது. கிராமத்தவனின் சேனை நிலத்தையும் தொழிலாளியின் வீட்டடியையும் ஒரே சட்டத்தில், ஒரே நாளில் தீர்க்கும்படி அந்த வாக்கைக் காட்டிக் கேட்கலாம்.

வேவெஸ்ஸவின் பெயரை நண்பரிடம் சொன்னோம். பசறைக்கும் பதுளைக்கும் இடையே பேருந்திலே பலமுறை போய்வந்தவர் அவர். அங்கே 1940 இல் ஒரு சபை இருந்தது என்பதை அதற்கு முன் அவர் கேள்விப்பட்டதில்லை. பாடநூலில் அது இல்லை. அடுத்த வாரம் வகுப்பிலே சொல்வதாகக் கூறி, ஆண்டையும் பெயர்களையும் குறித்துக்கொண்டு போனார்.